பூச்சு விளக்கா, தெளிந்த விளக்கா?

மும்பை, தில்லி போன்ற நகரங்களின் அடுக்ககங்களில் வாழும் வாடிக்கையாளர்கள் பலர், வெயில் எட்டாத கூடத்து மூலையில் துளசியும் கறிவேப்பிலையும் வளர்த்து வருகின்றனர். சூரியன் தராததை விளக்கால் ஈடுசெய்ய முனைவோர் கடையில் கேட்கும் முதல் அறிவுரை, "பூச்சில்லாத தெளிந்த கண்ணாடியே அதிக ஒளி தரும்" என்பதாகும். இது பாதி உண்மை; மறுபாதி ஆபத்தானது என்றே நாம் கருதுகிறோம்.

பூச்சு இரு வகைப்படும். குமிழ்விளக்கின் பால்வெள்ளைப் பூச்சு ஒளியைப் பரப்புவதோடு சரி. அதில் ஒளியின் சிறுபகுதி குறையவும் செய்யும். ஆகவே பிரதிபலிப்பான் பொருத்தி, ஒளியைத் தொட்டியின்மேல் குவிக்க விரும்புவோர்க்குத் தெளிந்த விளக்கு ஏற்றது. கூடத்தில் அமர்ந்து நாளிதழ் படிப்போர்க்கோ அதே விளக்கு கண்ணைக் கூசச் செய்யும். அங்கே பால்வெள்ளையே நன்று. அந்தச் சிறு இழப்பைப் பெரிதுபடுத்த வேண்டியதில்லை.

குழல்விளக்கின் பூச்சு வேறு இனம். குழலினுள் பாதரச ஆவி உமிழ்வது பெரும்பாலும் 254 நானோமீட்டர் அலைநீளமுள்ள புற ஊதாக் கதிரே. அதை ஏற்றுக் கண்ணுக்குப் புலப்படும் ஒளியாக மாற்றித் தருவது உட்புறத்துப் பாஸ்பர் பூச்சு. செடிக்குப் பயன்படும் 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளி அதிலிருந்தே பிறக்கிறது. பழைய பாதரச ஆவி விளக்குகளிலும் குறைந்திருந்த சிவப்பொளியைச் சேர்த்தது பூச்சுதான்.

பூச்சற்ற தெளிந்த குழலும் கடைகளில் உண்டு. அது கிருமிநாசினி விளக்கு. கொரோனாக் காலத்தில் பொருள்களைத் தூய்மைப்படுத்தும் பெட்டிகளுக்குள் இருந்த அதே இனம். சாதாரணக் குழல்விளக்கின் சட்டத்திலேயே பொருந்தும் அளவுகளிலும் அது கிடைப்பதே நம் கவலை. செடிக்கென அதைப் பொருத்தினால் இலை கருகும். அதைவிட, வீட்டிலுள்ளோரின் கண்ணும் தோலும் பாதிக்கப்படும். (கள்ள நோட்டை அறிய எமது கவுன்டரில் உள்ள விளக்கும் புற ஊதா விளக்கே, ஆயினும் அதன் அலைநீளம் இதைவிட நீண்டது.) குழல் தெளிவாக இருந்தால், அட்டைப்பெட்டியில் உள்ளதைப் படிக்காமல் வாங்கலாகாது.

இனி, கணக்கு. 9 வாட் எல்.இ.டி. விளக்கு நாளொன்றுக்கு 12 மணி நேரம் எரிந்தால் 30 நாளில் 3.24 யூனிட், யூனிட் 8 ரூபாய் எனக் கொண்டால் சுமார் 26 ரூபாய். பெருந்தோட்ட ஆசையில் 400 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கை மாட்டினால் சோக்கின் செலவு நீங்கலாகவே 144 யூனிட், 1,152 ரூபாய். நான்கு தொட்டிக் கறிவேப்பிலைக்கு இது தகாது. சந்தையில் ஒரு கொத்தின் விலையை இல்லத்தரசியர் நன்கறிவர்!

விளக்கை மாற்றுமுன் அதன் உயரத்தை மாற்றிப் பார்க்கலாம். இரண்டடி உயரத்தில் தொங்கும் எல்.இ.டி. குமிழை ஓரடிக்கு இறக்கினால், இலைமேல் விழும் ஒளி ஏறத்தாழ நான்கு மடங்காகும். மின்கட்டணம் ஒரு காசும் கூடாது.