பொம்மை அலமாரி: டைனோசரா, பொக்லைனா? ஒரே பெயரில் இரண்டு கிரிம்லாக்!

'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' படங்களைப் பார்த்த வாண்டுகளிடம் 'கிரிம்லாக் யார்?' என்று கேட்டுப் பாருங்கள். 'பெரிய டைனோசர் ரோபோ!' என்று பட்டென்று பதில் வரும். சரியான பதில்தான். ஆனால், பாதிதான் சரி. அதே பெயரில் இன்னொருவனும் இருக்கிறான். அவனுக்கு வாலும் கிடையாது, கோரைப் பல்லும் கிடையாது. ரோபோ வடிவத்திலிருந்து மாறினால், மண் அள்ளும் பொக்லைன் இயந்திரமாக நிற்பான்!

பெரியவன் கதை

1984-ல் அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம், ஜப்பானின் டகாரா நிறுவனம் தயாரித்த உருமாறும் பொம்மைகளுக்கு 'டிரான்ஸ்ஃபார்மர்ஸ்' என்று புதுப்பெயர் சூட்டிக் கடைக்குக் கொண்டுவந்தது. வெறும் பொம்மை போதாது, கதையும் வேண்டுமே? அந்தப் பொறுப்பு மார்வெல் காமிக்ஸுக்குப் போனது. 'ஆப்டிமஸ் பிரைம்' என்ற பெயரை வைத்தவர் டென்னிஸ் ஓ'நீல். மற்றவர்களில் பெரும்பாலானோருக்குப் பெயரும் குணமும் எழுதியவர் பாப் புடியான்ஸ்கி. 'மெகாட்ரான் என்ற பெயர் ரொம்பப் பயமுறுத்துகிறதே' என்று ஹாஸ்ப்ரோ தயங்கியபோது, 'வில்லன் என்றால் பயமுறுத்தத்தானே வேண்டும்!' என்ற ரீதியில் பேசிச் சம்மதிக்கவைத்தவரும் இவர்தான்.

1985-ல் டைனோபாட்கள் வந்தன. அந்தக் கூட்டத்தின் தலைவன்தான் கிரிம்லாக். டைரனோசரஸாக உருமாறுவான். முரட்டுப் பலம், மூக்குமேல் கோபம், கார்ட்டூனில் மழலை மாதிரி இலக்கணம் தப்பிய பேச்சு... குழந்தைகளுக்குப் பிடித்துப்போக இவை போதாதா? 2014-ல் வந்த நான்காவது படத்தில் ஆப்டிமஸ் பிரைம் இவன் முதுகில் ஏறிச் சவாரி செய்தபோது, புதிய தலைமுறையும் ரசிகர் கூட்டத்தில் சேர்ந்துகொண்டது.

சின்னவன் கதை

2000-ல் ஜப்பானில் 'கார் ரோபோட்ஸ்' என்ற அனிமே தொடர் வெளியானது. மொத்தம் 39 அத்தியாயங்கள். மறுவருடம் அது 'ரோபோட்ஸ் இன் டிஸ்கைஸ்' என்ற பெயரில் அமெரிக்கா போனது. போகும்போது ஜப்பானியப் பெயர்கள் கழற்றப்பட்டு, அமெரிக்கக் குழந்தைகளுக்குப் பழகிய பெயர்கள் மாட்டப்பட்டன. அதில் வரும் தீயணைப்பு வண்டிக்கு ஆப்டிமஸ் பிரைம் என்று பெயர். வில்லனுக்கு மெகாட்ரான். கட்டுமான வண்டிகள் நான்கில் மூன்றுக்கு வெட்ஜ், ஹெவி லோட், ஹைடவர் என்று புதுப்பெயர்கள் கிடைத்தன. நான்காவதுக்கு மட்டும் பழைய பெரியவரின் பெயர்: கிரிம்லாக்!

டைனோசர் கிரிம்லாக்குக்கும் இவனுக்கும் கதையில் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இருவரும் வாழும் உலகங்களே வேறு. பெயர் மட்டும்தான் பொது.

குழப்பம் இதோடு முடியவில்லை. 2015-ல் 'ரோபோட்ஸ் இன் டிஸ்கைஸ்' என்ற அதே தலைப்பில் முற்றிலும் வேறொரு கார்ட்டூன் தொடர் வந்தது. அதிலும் ஒரு கிரிம்லாக் உண்டு. இந்த முறை மறுபடியும் டைனோசர்! ஆக, தொடரின் பெயரைச் சொன்னால்கூட ஆளை அடையாளம் காண முடியாத நிலை.

பெயருக்குப் பஞ்சமா?

பஞ்சம் இல்லை, பாதுகாப்புதான் பிரச்னை. பொம்மையின் பெயர் என்பது வணிகச் சின்னம், அதாவது டிரேட்மார்க். அமெரிக்கச் சட்டப்படி, ஒரு பெயரைத் தொடர்ந்து மூன்று வருடங்கள் பயன்படுத்தாமல் விட்டால், உரிமையாளர் அதைக் கைவிட்டதாகவே முதலில் கருதப்படும். அதனால், நல்ல பெயர்களைச் சும்மா தூங்கவிட பொம்மை நிறுவனங்களுக்கு மனசு வராது. பழைய பெயரைப் புதிய பொம்மைக்கு வைத்துவிட்டால், பெயரும் புழக்கத்தில் இருக்கும். 'அட, கேள்விப்பட்ட பெயராச்சே' என்று வாங்குபவரின் கையும் நீளும்.

நினைத்த பெயர் எப்போதும் அமைந்துவிடுவதும் இல்லை. ஷாக்வேவ் என்ற புகழ்பெற்ற வில்லன், 2004-ல் 'எனர்கான்' வரிசையில் ஷாக்பிளாஸ்ட் என்ற பெயரில்தான் வர முடிந்தது. டைனோபாட் கூட்டத்தில் இருந்த ஸ்லாக், இங்கிலாந்தில் அது பெண்களைத் திட்டும் சொல்லாக இருப்பதால் பிற்பாடு ஸ்லக் ஆனான்.

பெயரில் கால்வாசி ராட்சதன்

தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்பதால்தான் தமிழில் 'பெயரன்' என்றார்கள். அதுவே பேரன் ஆனது. பெயர் ஒன்று என்பதற்காகப் பேரனிடம் போய் தாத்தாவைத் தேடுவோமா? பொக்லைன் கிரிம்லாக்குக்கு நேர்ந்தது அதுதான். எங்கே போனாலும், 'டைனோசர் இல்லையா? அப்படியென்றால் நீ யார்?' என்ற கேள்விதான் அவனை வரவேற்கிறது.

ஆனால், அவனுக்கென்று ஒரு வேலை இருக்கிறது. வெட்ஜ், ஹெவி லோட், ஹைடவர் மூவரோடும் அவன் சேர்ந்தால்தான் லேண்ட்ஃபில் என்ற ராட்சத ரோபோ எழுந்து நிற்கும். மற்ற மூன்றும் கையில் இருக்க, நான்காவதுக்காக ஏங்கும் குழந்தைக்கு, பிறந்தநாள் பரிசாக டைனோசர் கிரிம்லாக் வந்தால் என்ன ஆகும்? பொம்மை எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், அந்த ராட்சதன் எழுந்து நிற்கவே மாட்டான்.

அதனால், பழைய பொம்மைகளைச் செல்போனில் தேடி வாங்கும் பெற்றோர் மூன்று விஷயங்களைப் பார்த்துவிடுவது நல்லது. ஒன்று, எந்தத் தொடர். இரண்டு, எந்த வருடத்து வெளியீடு. மூன்று, உருமாறிய பிறகு எடுத்த படம். வாலா, மண் அள்ளும் கையா என்று அதிலேயே தெரிந்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விடச் சுலபமான வழி ஒன்று உண்டு. பணம் கட்டுவதற்கு முன்பு, அந்தப் படத்தை வீட்டு வாண்டுவிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள். சர்ப்ரைஸ் கொஞ்சம் குறையலாம். ஏமாற்றம் இருக்கவே இருக்காது!