எலிக்கு விஷம் வேண்டாம்... வாசம் போதும்!

பரண்மேல் 'கடமுட' சத்தம் கேட்டால் என்ன செய்வீர்கள்? கடைக்கு ஓடி எலி மருந்து வாங்கி வந்து, வடையில் தடவி மூலையில் வைப்பீர்கள். அதைத்தான் வேண்டாம் என்கிறேன்!

கள்ளக்குறிச்சிப் பக்கம் நெல், மக்காச்சோளம். கல்வராயன் மலைமேல் சாமை, தினை. தானியம் இருக்கும் இடத்தில் எலியும் இருக்கும். "போன மாசம் வச்ச அதே மருந்துதாங்க, இப்போ மோந்துகூடப் பாக்க மாட்டேங்குது" என்று அலுத்துக்கொள்ளாத வீடு உண்டா? ஜிங்க் பாஸ்பைடு போன்ற மருந்தைக் கொஞ்சம் கொறித்து, வயிறு புரட்டி, பிழைத்துக்கொண்ட எலி மறுபடி அதைத் தொடாது. தவழும் குழந்தைக்கு அந்தப் புத்தி ஏது? மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் கல்லீரலையே அழித்துவிடும். அதற்கென்று தனி முறிவு மருந்தும் கிடையாது.

எலியை ஏமாற்ற அதன் மூக்கே போதும். ஆண் எலியின் பிறப்புறுப்பை ஒட்டி 'பிரிப்யூஷியல்' என்ற சிறு சுரப்பி இருக்கிறது. அதில் 'ஆல்ஃபா 2யு குளோபுலின்' என்று ஒரு புரதம். தன் நடுவில் உள்ள குழிக்குள் வாசனைப் பொருளைப் பொத்தி வைத்து, மெல்ல மெல்ல வெளியே விடுவது இதன் வேலை. பெண் எலி அதை மோப்பம் பிடித்து வரும். நம் நாட்டு வீட்டெலியிடம் இந்தப் புரதத்தைக் கண்டறிந்து 2009-ல் வெளியிட்டவர்கள், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அர்ச்சுனன் குழுவினர். சுண்டெலியிடம் உள்ள இதே குடும்பத்துப் புரதம் ஒன்றுக்கு, இங்கிலாந்து விஞ்ஞானிகள் 2010-ல் ஓர் ஆங்கில நாவலின் கதாநாயகன் பெயரையே வைத்துவிட்டார்கள். 'டார்சின்'!

இந்த வாசத்தைப் பொறியில் வைத்தால் எலி தானே வந்து மாட்டும் என்பதுதான் நம்பிக்கை. இது ஆய்வுக்கூடத்தோடு நின்றுவிடக் கூடாது. வேளாண் துறை இதைக் கல்வராயன் மலைச் சாமைக் கொல்லையிலும் சோதித்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சங்கதி. இதே புரதம் ஆண் எலியின் சிறுநீரிலும் உண்டு. காய்ந்து தூசியோடு பறந்தால், ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தும்மலும் ஆஸ்துமாவும் வரும். எலிக்காய்ச்சல் கிருமியும் அந்தச் சிறுநீரில்தான் வருகிறது. ஆகவே எலி ஓடிய இடத்தைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். கிருமிநாசினி தெளித்து ஈரத்துணியால் துடையுங்கள். பொந்தை அடையுங்கள். தானியத்தை மூடி வையுங்கள். பொறியில் தேங்காய்ச் சில்லோ கருவாடோ வையுங்கள்.

ஒரு படி நெல் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். பிள்ளை போனால்..? யோசியுங்கள்!