பெண் முயலுக்கு 'பீரியட்ஸ்' வருமா? சிறுநீரில் ரத்தம் தெரிந்தால் அலட்சியம் வேண்டாம்!

செல்ல முயலின் கூண்டில் விரித்த பேப்பரில் ரத்தச் சொட்டுகளைப் பார்த்தால், 'பெண் முயல்தானே, பீரியட்ஸா இருக்கும்' என்று விட்டுவிடுபவர்கள் உண்டு. உண்மையில், முயலுக்கு மாதவிலக்கே கிடையாது. கருத்தடை செய்யாத, மூன்று வயதைத் தாண்டிய பெண் முயலிடம் ரத்தம் தெரிந்தால், முதலில் சந்தேகிக்க வேண்டியது கர்ப்பப்பையைத்தான்.

பண்ணையில் தெரியாத நோய்

இறைச்சிக்காக வளர்க்கும் முயல் சில மாதங்களிலேயே விற்பனைக்குப் போய்விடும். அதனால், பண்ணை வைத்திருப்பவர்களுக்கே இந்த நோய் அதிகம் தெரியாது. வீட்டு முயலோ எட்டு, பத்து வருடங்கள் வாழும். அமெரிக்க ஆய்வாளர் ஹாரி கிரீன் 1941-ல் வெளியிட்ட ஆய்வில், அவர் கவனித்துவந்த ஐந்து முதல் ஆறு வயதுப் பெண் முயல்களில் சுமார் 80 சதவிகிதத்துக்குக் கர்ப்பப்பைக் கட்டி இருந்தது. எல்லா இனத்துக்கும் இதே கணக்கு பொருந்தாது. ஆனால், வயது ஏற ஏற ஆபத்தும் ஏறும். குட்டி போட்ட முயலுக்கு வராது என்பதும் தவறு.

என்ன அறிகுறிகள்?

சிறுநீரில் ரத்தம், பிறப்புறுப்பில் ரத்தக்கசிவு, மடியில் வீக்கம் அல்லது கட்டி, வயிறு பெருப்பது, தீனி குறைவது, மூச்சுவாங்குவது ஆகியவை முக்கியமானவை. புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவினால் காப்பாற்றுவது கடினம். சில தீவனங்களாலும் சிறுநீர் சிவப்பாகலாம். அது நிறமா, ரத்தமா என்பதைப் பரிசோதனையில் கண்டுபிடித்துவிடலாம். ஸ்கேன், எக்ஸ்ரேயும் உதவும்.

எப்போது ஆபரேஷன்?

கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் அகற்றும் கருத்தடை அறுவை சிகிச்சைதான் தீர்வு. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் செய்துவிடுவது நல்லது. கட்டி வந்த பிறகும், பரவுவதற்கு முன் அகற்றினால் பிழைக்க வாய்ப்புண்டு.

நாய், பூனைபோல ஆபரேஷனுக்கு முன் முயலைப் பட்டினி போடக் கூடாது. முயலால் வாந்தி எடுக்க முடியாது. வயிறு காலியாக இருந்தால்தான் குடல் இயக்கம் நின்றுபோகும். ஆபரேஷன் முடிந்து அரை நாளாகியும் சாப்பிடவில்லை என்றால், உடனே டாக்டரிடம் தூக்கிச் செல்லுங்கள். வீட்டில் இருக்கும் அமாக்ஸிசிலின் மாத்திரையைக் கரைத்துக் கொடுத்துவிடாதீர்கள். அது முயலின் உயிரையே பறிக்கலாம்.

எங்கே போவது?

முதலில் உள்ளூர் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். 'முயலுக்கு மயக்க மருந்து கொடுத்து ஆபரேஷன் செய்த அனுபவம் உண்டா?' என்று தயங்காமல் கேளுங்கள். இல்லை என்றால், பெரம்பலூரிலிருந்து நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கும், அரியலூரிலிருந்து தஞ்சாவூரை அடுத்த ஒரத்தநாடு கல்லூரிக்கும் போய்வரலாம். கிளம்பும் முன் போனில் விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் அலைச்சல்தான். ஆனால், உங்கள் முயலின் ஆயுளில் சில வருடங்கள் கூடலாம்!