படம் வந்தது, திறக்கவில்லை



வீடு பெருப்பிக்கும் விடயமாக எம்மிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "படம் கீறுபவர் ஈமெயிலில் அனுப்பிவிட்டார். எங்கள் கொம்பியூட்டரில் திறக்கவே முடியவில்லை. என்ன செய்வது?"

பார்க்கிங், டகனம் பக்கத்தில் பரந்து கிடக்கும் பெக்கன்ட்ரீ வீடுகளை லண்டன் கவுண்டி கவுன்சில் 1921 தொடக்கம் 1935 வரை கட்டியது. ஏறத்தாழ 26,000 வீடுகள். அம்மா அப்பாவும் வந்து சேர்ந்து பிள்ளைகளும் வளர்ந்த எம்மவர் குடும்பமொன்றுக்கு அந்தச் சிறிய அறைகள் எப்படிப் போதும்? குசினியைப் பின்னால் நீட்டுவோம், கூரைக்குள் ஓர் அறை எடுப்போம் என்று தொடங்குகிறோம். கடன் எடுத்து, சீட்டுக்காசும் போட்டுச் செய்கிற வேலை. அதன் படத்தையே பார்க்காமல் "சரி" என்று பதில் அனுப்புபவர்களும் இருக்கிறார்கள்!

வந்திருப்பது பெரும்பாலும் டி.டபிள்யூ.ஜி. கோப்பாக இருக்கும். 1982இல் வெளிவந்த ஓட்டோகாட் மென்பொருளின் கோப்பு அது. அந்த மென்பொருளுக்கு ஆண்டுதோறும் நல்ல காசு கட்டவேண்டும். ஒரு வீட்டுக்காக அதை வாங்காதீர்கள். அதே கம்பனி இலவசமாகத் தரும் ட்ரூவியூ விண்டோஸ் கொம்பியூட்டரில் இக்கோப்பைத் திறக்கும். இணையத்திலேயே பார்க்க ஓட்டோடெஸ்க் வியூவரும் உண்டு. இவற்றைவிட இலகுவானது, கீறுபவரிடமே பி.டி.எவ். கேட்பது. கைத்தொலைபேசியிலும் திறக்கும். கவுன்சிலுக்கும் அப்படித்தான் போகிறது.

சிலர் மூலக்கோப்பைத் தர மறுப்பார்கள். பிறர் அதில் கைவைத்தால் பழி தம்மேல் விழும் என்ற பயம். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் பின்னர் இரும்புவளைக்குக் கணக்குப் பார்க்கும் எஞ்சினியருக்கு மூலக்கோப்புத் தேவைப்படலாம். ஆகவே காசு பேசும்போதே இதையும் பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

பி.டி.எவ். வந்தபின்தான் உண்மையான தொல்லை. ஏ-3 தாளுக்குக் கீறியதை வீட்டு மெசினில் ஏ-4 தாளில் அடித்தால் படம் சுருங்கிவிடும். 1:50 அளவில் 3 மீற்றர்ச் சுவர் 6 சென்ரிமீற்றராக இருக்கவேண்டும். ஏ-4இல் அது 4.2 ஆகிவிடும். அடிமட்டம் வைத்துப் பார்ப்பவர் சுவர் 2.1 மீற்றர் என்று நினைப்பார். அச்சிடும்போது "உண்மை அளவு" என்பதைத் தெரிந்து ஏ-3இலேயே அடியுங்கள்; அச்சுக்கடையில் சில பவுண்ஸ்தான். படத்தில் ஓர் அளவுகோல் கீறச் சொல்லுங்கள். தாள் சுருங்கினால் அதுவும் சேர்ந்து சுருங்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதியிருக்கும் எண்களையே நம்புங்கள். அவை மில்லிமீற்றர்: 3000 என்றால் ஏறத்தாழ 9 அடி 10 அங்குலம்.

இந்த எண்களில் கவனம் ஏன்? இங்கிலாந்தில் தொடர்வீடுகளுக்குப் பின்பக்கம் ஒருதட்டு நீட்சி 3 மீற்றர் வரை, மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால், முழுப் பிளானிங் அனுமதி இல்லாமல் கட்டலாம். அதற்குமேல் 6 மீற்றர் வரை கட்டுவதாயின் கவுன்சிலுக்கு முன்கூட்டி அறிவிக்க, அது அயலவரிடம் கருத்துக் கேட்கும். பிளாட்டுகளுக்கு இது பொருந்தாது. படத்தில் 3000 இருக்கவேண்டிய இடத்தில் 3300 இருந்தால், கட்டியபின் இடிக்கச் சொல்லிக் கடிதம் வரும் நிலைகூட ஏற்படலாம்.

தாளைப் பார்த்து வீட்டை மனதில் கட்டுவது எல்லோருக்கும் வராது. ஊரில் நிலையம் எடுத்து, முளை அடித்து, நூல் கட்டியபின்தானே அத்திவாரம் வெட்டினோம்? இங்கும் பின்வளவில் நான்கு தடியும் நூலும் போதும். அம்மாவை நடுவில் ஒரு கதிரையில் இருத்தி, கட்டில் எங்கே, கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்று கேளுங்கள். வாசல் ஒடுக்கம் என்பதை எந்த மென்பொருளையும்விட அவர் முதலில் சொல்லிவிடுவார். கோப்பில் கோட்டை நகர்த்தச் செலவு சொற்பம், எழும்பிய சுவரை நகர்த்த எவ்வளவு என்று நாம் சொல்லத் தேவையில்லை.

இன்னொருவரிடமும் அந்த மென்பொருள் இராது: பக்கத்து வீட்டுக்காரர். அவரது கட்டடத்திலிருந்து 3 மீற்றருக்குள், அவரது அத்திவாரத்தைவிட ஆழமாக வெட்டுவதாயின், 1996ஆம் ஆண்டுப் பொதுச்சுவர்ச் சட்டப்படி ஒரு மாதத்துக்கு முன் அறிவித்தல் கொடுக்கவேண்டும். இடத்தையும் ஆழத்தையும் காட்டும் படமும் அதனுடன் போகவேண்டும். அவருக்கும் ஏ-3 தாளில் ஒரு பிரதி அடித்து, கையில் கொண்டுபோய்க் கொடுங்கள்.