பழைய துணி ஒரு பிளேட்!

அசைன்மென்ட், அரியர், அட்டெண்டன்ஸ் எல்லாத்தையும் கொஞ்சம் ஓரமா வெச்சுட்டு வாங்க. இந்த வாரம் ஒரு சாப்பாட்டு வேட்டை. தேடிய ஊர் லண்டன். தேடியது கியூபா சாப்பாடு!

'இட்லி தேடினேன்னு சொன்னா நியாயம், கியூபா சாப்பாடு எதுக்குப்பா உனக்கு?'னு நீங்க கேக்குறது காதுல விழுது. 2024-ல ஒரு செமஸ்டர் மட்டும் எக்ஸ்சேஞ்ச் புரோகிராம்ல அங்கே படிச்சேன். ஹாஸ்டல்ல ஆறு ரூமுக்கு ஒரே கிச்சன். எதிர் ரூம்ல கியூபா அண்ணன் ஒருத்தர். சான்டா கிளாரா ஊர்க்காரர், மாஸ்டர்ஸ் படிக்க வந்தவர். என்னை 'அசேரே'ன்னுதான் கூப்பிடுவார். நம்ம 'மச்சி'தான், கியூபா பாஷையில!

அந்த வருஷம் அக்டோபர் 18-ம் தேதி கியூபா முழுக்க கரன்ட் போச்சு. ஒரு தெருவுல, ஒரு ஊர்ல இல்லை பாஸ்... மொத்த நாட்டுலயும்! அண்ணன் அம்மாவுக்கு போன் போட்டுக்கிட்டே இருந்தார். லைன் கிடைக்கலை. ஒருவழியா கிடைச்சப்போ அம்மா கேட்ட முதல் கேள்வி, 'சாப்பிட்டியா?' (எல்லா நாட்டு அம்மாக்களுக்கும் ஒரே சிலபஸ் போல.) 'ம், சாப்பிட்டேன்மா'ன்னு சொல்லிட்டு போனை வெச்சார். மைக்ரோவேவ்ல சூடு பண்ணின பாஸ்தா தொடாம அப்படியே இருந்துச்சு. 'டிசம்பர் 24-க்குள்ள எங்க ஊர்ச் சாப்பாடு ஒரு வேளையாவது சாப்பிட்டே ஆகணும்'னார். துணைக்கு நான்.

அது என்ன டிசம்பர் 24? அவங்களுக்கு அது 'நோசேபுவேனா'. கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி குடும்பமே உட்கார்ந்து பன்றி ரோஸ்ட், சோறு, பீன்ஸ்னு வெளுத்துக் கட்டுற நாள். 1969-ல கரும்பு அறுவடைக்காக கிறிஸ்துமஸ் லீவையே ரத்து பண்ணிட்டாங்க. 1997-லதான் திரும்பக் கொடுத்தாங்க. அந்த இருபத்தெட்டு வருஷத்துலயும் கதவைச் சாத்திக்கிட்டு அந்த ராத்திரிச் சாப்பாட்டைத் தன் பாட்டி விடலைன்னு அண்ணன் சொல்வார்.

சரி, வேட்டைக்கு வருவோம். முதல் ரெஸ்டாரன்ட். சுவர்ல சே குவேரா, பக்கத்துல பழைய செவ்ரோலே கார் படம், ஸ்பீக்கர்ல 'புவெனா விஸ்டா சோஷியல் கிளப்' பாட்டு. ஆஹா, வந்தாச்சு ஹவானான்னு மெனு கார்டைத் திறந்தா... நாச்சோஸ், புரிட்டோ, ஹாலபீன்யோ மிளகாய்! அண்ணன் கார்டை மூடிட்டு, 'இது மெக்ஸிகோ'ன்னார். நம்மகிட்ட ஒருத்தர் பட்டர் நானைக் காட்டி 'உங்க ஊர் தோசை'ன்னு சொன்னா எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்துச்சு அவர் மூஞ்சி.

இங்கே ஒரு ரகசியம் தெரிஞ்சுக்கோங்க. கியூபா சாப்பாட்டுல காரம் கிடையாது! வெங்காயம், பூண்டு, பச்சைக் குடமிளகாய், சீரகம், ஓரிகானோ... இதை எண்ணெயில வதக்கினா அதுக்குப் பேரு 'சொஃப்ரீட்டோ'. நம்ம தாளிப்பு மாதிரி, எல்லாமே அதுலதான் ஆரம்பம். நாக்கு எரிஞ்சா அது வேற நாடு.

லண்டன்ல ஏன் இந்த நிலைமை? 1959 புரட்சிக்கு அப்புறம் கியூபாவை விட்டு வந்தவங்கள்ல பெரும்பாலானவங்க போனது அமெரிக்காவோட ஃபுளோரிடாவுக்கு. லண்டனுக்கு வந்தவங்க ரொம்பக் கம்மி. சாப்பிட ஆள் இருந்தாதானே சமைக்க ஆள் வரும்? அதனால போஸ்டர்தான் முதல்ல வந்து சேர்ந்தது, சமையல்காரர் வரலை.

ரெண்டாவது இடம் பரவாயில்லை. மெனுவுல 'ரோபா வியேஹா' இருந்துச்சு. அர்த்தம் என்ன தெரியுமா? 'பழைய துணி'! மாட்டிறைச்சியை நார் நாரா பிரியுற வரைக்கும் தக்காளி, குடமிளகாயோட வேகவைப்பாங்க. பார்க்க கந்தல் துணி மாதிரியே இருக்கும். கியூபாவோட தேசிய டிஷ்ஷுன்னு இதைத்தான் சொல்வாங்க. 'ஒரு பிளேட் பழைய துணி'ன்னு ஆர்டர் பண்ணினேன். செம டேஸ்ட். அண்ணனைப் பார்த்தா சத்தமே இல்லை.

'நல்லா இல்லையா?'

'நல்லா இருக்கு. ஆனா எங்க வீட்டுல இதை நான் சாப்பிட்டதே இல்லை.'

தூக்கி வாரிப் போட்டுச்சு எனக்கு. அப்புறம்தான் விளக்கினார். கியூபாவுல 1962-லேர்ந்து ரேஷன் புத்தகம் உண்டு, பேரு 'லிப்ரேட்டா'. அரிசி, பீன்ஸ், சர்க்கரை எல்லாம் அதுலதான். 1991-ல சோவியத் யூனியன் உடைஞ்சப்போ அங்கேயிருந்து வந்த பெட்ரோலும் உணவும் நின்னு, பசி நேரடியா வீட்டுக்குள்ள வந்துச்சு. மாட்டிறைச்சி இன்னும் கஷ்டம். அனுமதியில்லாம சொந்த மாட்டை வெட்டினாலே ஜெயில். 2021-லதான் விவசாயிகளுக்கு அந்த விதியைக் கொஞ்சம் தளர்த்தினாங்க. ஆக, தேசிய டிஷ்ஷு ஊரை விட்டுப் போனவங்க தட்டுல, ஊர்லயே இருந்தவங்க தட்டுல சோறும் பீன்ஸும் முட்டையும். 'கியூபா சாண்ட்விச்'சும் இதே கதைதான். ஹாம், ரோஸ்ட் பன்றி, சீஸ், ஊறுகாய் வெள்ளரி வெச்சு அழுத்தின சாண்ட்விச் அது. ஃபுளோரிடாவுல டாம்பா ஊர்க்காரங்க சலாமி வைப்பாங்க, மயாமிக்காரங்க வைக்க மாட்டாங்க. எது ஒரிஜினல்னு ரெண்டு ஊருக்கும் சண்டை. சண்டை நடக்கிறது அமெரிக்காவுல!

அப்போ 'அசல் கியூபா சாப்பாடு'ன்னா எது? வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டே வந்தேன். புக்குல இருக்கிறதா, அண்ணன் சின்ன வயசுல சாப்பிட்டதா? எனக்குப் பதில் கிடைச்சது ஹாஸ்டல் கிச்சன்ல.

ஹோட்டல் வேண்டாம், நாமளே சமைப்போம்னு கிளம்பினோம். எலிஃபென்ட் அண்ட் கேஸில் ஏரியா லத்தீன் அமெரிக்கர்களோட பேட்டை. அங்கே இருந்த பழைய ஷாப்பிங் சென்டரை 2020-ல மூடி, அப்புறம் இடிச்சுட்டாங்க. ஆனாலும் சுத்துவட்டாரத்துல கொலம்பியாக்காரங்க கடைகள் இருக்கு. கறுப்பு பீன்ஸ் அங்கே கிடைச்சுது. (நம்ம ராஜ்மாவோட கறுப்புத் தம்பி. ரெண்டும் ஒரே செடி இனம்.) நேந்திரம் மாதிரி பெரிய வாழைக்கு பிரிக்ஸ்டன் மார்க்கெட். 'யூக்கா வேணுமே'ன்னு அண்ணன் முழிச்சப்போ நான் சிரிச்சுட்டேன். நம்ம மரவள்ளிக்கிழங்கு! ஈஸ்ட் ஹாம்ல தமிழ்க்கடைக்குக் கூட்டிட்டுப் போய் கையில எடுத்துக் கொடுத்தேன். அதுக்கு ஊத்துற 'மோஹோ'வுக்குப் புளிப்பு ஆரஞ்சு வேணும். அந்த செவில் ஆரஞ்சு லண்டன்ல ஜனவரியிலதான் வரும், மார்மலேட் போட வாங்குவாங்க. டிசம்பருக்கு என்ன பண்றது? சாதா ஆரஞ்சுச் சாறும் எலுமிச்சையும் கலந்து சமாளிச்சோம்.

செய்முறை நோட் பண்ணிக்கோங்க. ராத்திரி ஊறவெச்ச ஒரு கப் கறுப்பு பீன்ஸைக் குக்கர்ல குழையாம வேகவையுங்க. அந்தக் கறுப்புத் தண்ணியைக் கொட்டிடாதீங்க, உயிரே அதுலதான். சொஃப்ரீட்டோ வதக்கி, ரெண்டு கப் அரிசி, வெந்த பீன்ஸ், அந்தத் தண்ணி, உப்பு சேர்த்து வடிக்காம வேகவிடுங்க. பேரு 'மோரோஸ் இ கிறிஸ்தியானோஸ்'. முழுசா வெந்த மரவள்ளி மேல பூண்டு போட்டுக் காய்ச்சின எண்ணெயையும் அந்தச் சாறையும் ஊத்தினா சைடு டிஷ் ரெடி.

டிசம்பர் 24 ராத்திரி. என் சூட்கேஸ்ல அம்மா திணிச்சு அனுப்பின குக்கர் அடுப்புல. அண்ணன் அம்மாவோட வீடியோ கால்ல இருக்கார். அன்னிக்கு அவங்க ஊர்ல கரன்ட் இருந்துச்சு. முதல் விசில் வந்ததும் அந்தம்மா பேச்சை நிறுத்திட்டாங்க. 'என்ன சத்தம் அது?' அண்ணன் போனைத் திருப்பிக் குக்கரைக் காட்டினார். அந்தப் பக்கம் அவங்க எழுந்து போய் ஒரு பழைய பிரஷர் குக்கரைத் தூக்கிட்டு வந்தாங்க. 2005-ல ஃபிடல் காஸ்ட்ரோ வீட்டுக்கு வீடு குக்கர் கொடுக்கிறதா மகளிர் தினத்தன்னிக்கு அறிவிச்சாரே, அப்போ வந்தது. அன்னிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் பீன்ஸ் அதுலதான். ஸ்பானிஷ்ல என்னமோ சொன்னாங்க. அண்ணன் ரொம்ப நேரம் கழிச்சு மொழிபெயர்த்தார்: 'தண்ணி போதுமான்னு கேக்குறாங்க.'

தண்ணி போதலை மக்களே. பீன்ஸ் கொஞ்சம் அடிப்பிடிச்சுது. அண்ணன் மூணு தட்டு சாப்பிட்டார். அம்மா கேட்டப்போ இந்தத் தடவை பொய் சொல்ல வேண்டியிருக்கலை.

உங்க ஹாஸ்டல்லயும் வேற ஊர்க்காரங்க இருப்பாங்கதானே? மணிப்பூர், பீகார், காஷ்மீர்... எங்கேயோ இருந்து வந்தவங்க. இந்த சண்டே அவங்க ரூம் கதவைத் தட்டி, 'உங்க வீட்டுல என்ன சமைப்பாங்க?'ன்னு கேளுங்க. 'உங்க ஊர் ஸ்பெஷல் என்ன?'ன்னு கேக்காதீங்க. ரெண்டும் வேற வேற கேள்வி!

அடுத்த வாரம் சந்திப்போம். குக்கரை மறந்துடாம ஆஃப் பண்ணுங்க!