வரிசையில் நின்றது போதும்!

2022ஆம் ஆண்டின் யூன், யூலை மாதங்களை எமது மக்கள் அதற்குள் மறந்துவிட்டனரோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது. அவ்வாண்டு ஏப்ரில் 12ஆந் திகதி வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென்று அரசாங்கம் கையை விரித்தது. யூன் 27 நள்ளிரவு தொடக்கம், அத்தியாவசிய சேவைகளுக்கன்றி வேறெவர்க்கும் எரிபொருள் இல்லை என்று அறிவித்தது. பின்னர் கியூஆர் அனுமதி வந்தது. மோட்டார்ச் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர் என்று அளந்து வார்த்தார்கள். பாடசாலைக்குப் போக வேண்டிய ஆசிரியரும், வைத்தியசாலைக்குப் போக வேண்டிய தாதியும், கந்தோருக்குப் போக வேண்டிய உத்தியோகத்தரும் வெயிலில் வரிசையாக நின்றனர். தோட்டத்துக்கு நீரிறைக்க மண்ணெண்ணெய் தேடி அலைந்த விவசாயிக்கோ, ஓகஸ்ற் மாதத்தில் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக ஏறிய விலைதான் கிடைத்தது.

வட பகுதி மக்களுக்கு இது புதிய அனுபவமன்று. 1990ஆம் ஆண்டின் பின் பொருளாதாரத் தடை எம்மை நெரித்தபோது, மண்ணெண்ணெயில் மோட்டார்ச் சைக்கிள் ஓட்டியவர்கள் நாம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சில்லைச் சுழற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாம். பேராசிரியரும் வைத்தியரும் சைக்கிளில் போனார்கள்; அதனால் எவருடைய கௌரவமும் குறைந்துவிடவில்லை. ஆனால் எண்ணெய்க் குழாய் திறந்த மறுநாளே நாம் பழைய பாடத்தை மூட்டை கட்டிவிடுகிறோம். 2022இல் தூசி தட்டி எடுத்த சைக்கிள்களிற் பல மீண்டுங் கொட்டிலுக்குப் போய்விட்டன.

அந்தக் கொட்டிற் சைக்கிளைப் பற்றித்தான் இன்று எழுதுகிறோம். சைக்கிள் என்றதும் தேர்தற் சின்னத்தை நினைந்து எவரும் புருவத்தை நெரிக்க வேண்டாம். வாக்குச்சீட்டில் அச்சிடும் சைக்கிளையன்று, கூரையில் தொங்கித் துருப்பிடிக்கும் சைக்கிளையே நாம் கூறுகிறோம்.

காற்றே எமது மலை

யாழ்ப்பாணக் குடாநாடு மட்டமான நிலம். இங்கே மலையும் இல்லை, மேடும் இல்லை. ஆயினும் எத்தனையோ வீடுகளில் மலைச் சைக்கிள் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்த மாமனோ மைத்துனரோ பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தது. பிள்ளை வளர்ந்து பல்கலைக்கழகம் போனதும் அது கேட்பாரற்றுக் கிடக்கிறது. மலையில்லாத நாட்டில் மலைச் சைக்கிள் எதற்கென்று கேட்பவர், ஆடி மாதத்தில் நெல்லியடியிலிருந்து யாழ்ப்பாணப் பக்கமாக வல்லை வெளியில் மிதித்துப் பார்க்கட்டும். சோழகக் காற்று நெஞ்சில் அறையும்போது, எமக்கு மலை காற்றுத்தான் என்பதை உணர்வார். தூரத்துக்கு அஞ்சி மோட்டார்ச் சைக்கிளுக்கு மாறியவர்கள் சிலரே. காற்றுக்கும் வியர்வைக்கும் அஞ்சி மாறியவர்களே பலர்.

அவ்வழியால் நாள்தோறும் பாடசாலைக்குப் போய்வரும் ஆசிரியர் ஒருவரின் சைக்கிளை அண்மையில் நாம் பார்வையிட்டோம். அது மகனுடைய பழைய 26 அங்குல மலைச் சைக்கிள். பின்சில்லின் நடுக்குடத்தைக் கழற்றிவிட்டு, 250 வாற்று மோட்டார் அடங்கிய குடத்தை வைத்துக் கம்பி கோத்திருக்கிறார்கள். சட்டத்தில் தண்ணீர்ப் போத்தல் கொளுவும் இடத்தில் 36 வோல்ற்று, 10 அம்பியர்-மணி லிதியம் பற்றறி பூட்டப்பட்டிருக்கிறது. மிதியை மிதித்தால் அவ்வசைவை உணர்ந்து மோட்டார் துணைக்கு வருகிறது. மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் ஓய்ந்துவிடுகிறது. பிறேக்கைப் பிடித்த கணமே மின்சாரம் அறுகிறது. கல்லும் சேறும் கடக்கவென்று செய்த முள்ளு ரயர்களை மாற்றி, வீதிக்கேற்ற வழுவழுப்பான ரயர் போட்டிருக்கிறார். கூடிய பாரம் எல்லாமாக ஆறேழு கிலோதான். இவ்வேலையைச் செய்தவர் பொறியியலாளர் அல்லர். ஊர்ச் சந்தியில் சைக்கிள் திருத்துபவர்.

கணக்கைப் பார்ப்போம்

நல்ல தேகாரோக்கியமுள்ள மனிதன் தொடர்ந்து மிதிக்கும்போது கொடுக்கும் வலு ஏறக்குறைய 100 வாற்று. அதனுடன் இன்னும் 100, 150 வாற்று சேர்ந்தால், எதிர்காற்றிலும் மூச்சுத் திணறாமற் போகலாம். 36 வோல்ற்றை 10 அம்பியர்-மணியாற் பெருக்க வருவது 360 வாற்று-மணி. மனிதனும் மிதித்துக்கொண்டு போனால் கிலோமீற்றருக்குச் சுமார் 10 வாற்று-மணி செலவாகும். எனவே ஒருமுறை ஏற்றினால் 30 கிலோமீற்றருக்குக் குறையாமல் ஓடும். மின்னேற்றும்போது உண்டாகும் இழப்பைக் கழித்தாலும், மின்மானியில் ஓர் அலகு ஓடினால் ஏறக்குறைய 80 கிலோமீற்றர் போகலாம். மோட்டார்ச் சைக்கிளுக்கு அதே தூரத்துக்கு ஒன்றரை லீற்றர் பெற்றோல் வேண்டும். இரண்டின் விலையையும் வாசகர்களே தம் கையிலுள்ள பற்றுச்சீட்டைப் பார்த்து ஒப்பிட்டுக் கொள்ளலாம்.

மின்சாரமும் அரசாங்கத்தின் கையில்தானே இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. 2022இல் மின்வெட்டும் இருந்தது. ஆனால் பெற்றோலை வீட்டுக் கூரையில் உண்டாக்க முடியாது, மின்சாரத்தை உண்டாக்கலாம். எம்மை மிதிக்கவிடாது தடுக்கும் காற்றுத்தான் பளையிலும் மன்னாரிலும் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. மேலும், பற்றறி அடியோடு தீர்ந்துபோனாலும் இது சைக்கிள்தான். மிதித்து வீடு வந்து சேரலாம். பெற்றோல் தீர்ந்த மோட்டார்ச் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் வரவேண்டும்.

பற்றறி வெளிநாட்டிலிருந்து வருகிறதே என்பது இரண்டாவது ஆட்சேபம். ஆம், வருகிறது. எனினும் முறையாகப் பேணினால் 500 தடவைக்குமேல் முழுதாக ஏற்றி இறக்கலாம். அஃதாவது 15,000 கிலோமீற்றர். நாளுக்கு 20 கிலோமீற்றர் ஓடும் ஆசிரியருக்கு அது பாடசாலை நாட்களில் மூன்றாண்டுகளுக்கு மேல் உழைக்கும். ஒவ்வொரு கிழமையும் கையேந்துவதற்கும் மூன்றாண்டுக்கு ஒருமுறை வாங்குவதற்கும் வேற்றுமை இல்லையா?

எச்சரிக்கையும் வேண்டும்

இதனை நாம் விளையாட்டாகச் சொல்லவில்லை. அரைகுறையாகச் செய்தால் உயிராபத்து உண்டு. மலைச் சைக்கிள்களின் அதிர்வு தாங்கும் முன்கவை பெரும்பாலும் இலேசான உலோகக் கலவையினாலானது. அதில் மோட்டாரைப் பூட்டினால் அச்சு சுழன்று கவையைப் பிளந்துவிடலாம். சில்லு கழன்று விழும். பின்சில்லிற் பூட்டுவதே நன்று. அங்கும் அச்சைத் திரும்பவிடாது பிடிக்கும் உருக்குத் தகடு அவசியம். பிறேக் கட்டைகளைப் புதுப்பிக்காமல் மோட்டார் பூட்டுபவர் அறிவிலி. மலிவென்று கருதி, பழைய மடிக்கணினிப் பற்றறிகளை உடைத்துத் தாமே ஒட்டிச் செய்பவர்கள், வீட்டில் நெருப்பை வளர்க்கிறார்கள் என்றே கூறுவோம். கலங்களைக் காக்கும் மின்சுற்று இல்லாத பற்றறியை வாங்கலாகாது. எல்லோரும் உறங்கும் வேளையில் ஏற்றவும் ஆகாது. இரண்டு அம்பியர் ஏற்றியினால் ஐந்து மணித்தியாலத்தில் ஏறிவிடும். பகலிற் கண்முன்னே ஏற்றுக. பழுதான பற்றறியைப் பற்றைக்குள் வீசலாகாது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த துயரத்தைக் கண்டவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

வேகப் பித்தும் வேண்டாம். ஆயிரம் வாற்று மோட்டாரைப் பூட்டிப் பறக்கும் இளைஞர்களை நாம் ஆதரிக்கமாட்டோம். அது சைக்கிளன்று, அனுமதிப்பத்திரமில்லாத மோட்டார்ச் சைக்கிள். சந்தை வீதியில் நடந்து போகும் கிழவிக்கும் இந்த வீதி சொந்தம்.

எமது கோரிக்கைகள்

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 250 வாற்றுக்கு மேற்படாத மோட்டார், மிதிக்கும்போது மாத்திரம் உதவி, மணிக்கு 25 கிலோமீற்றரை எட்டியதும் நின்றுவிட வேண்டும் என்ற வரம்புக்குள் அடங்குவது சைக்கிளாகவே கொள்ளப்படுகிறது. இந்தியாவிலும் சில நிபந்தனைகளுடன் அதையொத்த வலுவும் வேகமுமே வரம்பாக வைக்கப்பட்டிருக்கின்றன. எனவே நாம் கேட்பது புதுமையன்று.

முதலாவது: எது சைக்கிள், எது மோட்டார் வாகனம் என்பதை இத்தகைய வரம்பினால் எவருக்கும் ஐயமின்றி விளங்கும்படி மோட்டார்ப் போக்குவரத்துத் திணைக்களம் வகுக்க வேண்டும். அதனைத் தமிழிலும் அச்சிட்டு ஒவ்வொரு பொலிஸ் நிலையத்திலும் ஒட்டவேண்டும். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. வீதியில் மறிக்கப்பட்ட ஒரு தோட்டக்காரர் தம் வண்டியைப் பற்றிய விதியைத் தம் மொழியில் வாசிக்க முடியாவிடின், அத்திருத்தம் அவருக்கு வெறுங் கடதாசியே.

இரண்டாவது: பழைய சைக்கிளுக்குப் பூட்டும் சிறு மோட்டாருக்கும் பற்றறிக்கும் இறக்குமதி வரியைச் சொகுசுக் காரின் கண்ணோடு பார்த்து விதிக்கலாகாது. அவை ஏழையின் பொதுப் போக்குவரத்து.

மூன்றாவது: எல்லாவற்றையும் கொழும்பிடமே கேட்டுக்கொண்டிருப்பதும் எமக்கு அழகன்று. பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் தரமான பற்றறிகளை மொத்தமாக எடுத்து, தவணை முறையில் அங்கத்தவருக்குக் கொடுக்கலாம். பழுதானவற்றைத் திரும்ப ஏற்கும் பொறுப்பையும் அவையே எடுக்கலாம். தொழில்நுட்பக் கல்லூரியில், ஊர்தோறும் உள்ள சைக்கிள் திருத்துநர்களுக்கு மாலை வகுப்பு நடத்தலாம். உள்ளூராட்சி சபைகள் திருநெல்வேலி, சுன்னாகம், நெல்லியடி, சாவகச்சேரிச் சந்தைகளில் ஒரு கொட்டகையும் நாலு மின்செருகிகளும் வைத்தால், விடியற்காலையில் கத்தரியும் வெங்காயமும் கட்டிவரும் விவசாயி, விற்று முடியும்போது பற்றறியும் ஏறியிருக்கும். இதற்கு மந்திரிசபையின் அங்கீகாரம் எதற்கு?

உரிமைகளைப் பற்றி மேடைகளிலே நிறையப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் மறுநாட் காலையில் வேலைக்குப் போவதற்கே இன்னொருவர் திறந்துவிடும் குழாயை நம்பியிருப்பவன் எவ்வளவு தூரம் நிமிர்ந்து பேசுவான்? அடுத்த நெருக்கடி எப்போது வருமென்று நாம் சோதிடம் கூறவில்லை. அது வரும்போது வரிசையின் நீளத்தை அளந்துகொண்டிருக்காமல், எமது பிள்ளைகளும் ஆசிரியர்களும் விவசாயிகளும் தத்தம் வழியே போய்க்கொண்டிருக்க வேண்டும் என்பதே எமது அவா. இந்த ஞாயிற்றுக்கிழமை கொட்டிலைத் திறந்து, அந்தச் சைக்கிளை இறக்கிப் பாருங்கள். சட்டம் உறுதியாக இருந்தால், சந்தியிலுள்ள திருத்துநரிடம் கொண்டுபோங்கள். மிகுதியை அவருடன் பேசித் தீர்மானிக்கலாம்.