படிவத்தில் எழுதாத சங்கதி

வவுனியாவிலிருந்து மன்னார் நோக்கிச் செல்லும் நெடுவீதியிலே பூவரசங்குளம் என்னும் ஊர் உளது. மரத்தின் பெயரையும் குளத்தின் பெயரையும் சேர்த்துத் தன் பெயராக்கிக்கொண்ட வன்னிக் கிராமங்களுள் அதுவும் ஒன்று. முன்னாளில் மாட்டுவண்டி அவிழ்த்துவிடப்பட்ட முற்றங்களில் இன்று மோட்டார்ச் சைக்கிளோ, முச்சக்கர வண்டியோ, உழவு இயந்திரமோ நிற்கக் காண்கின்றோம். அவற்றுட் பல முழுப்பணம் கொடுத்து வாங்கப்பட்டவை அல்ல. லீசிங் கம்பனியின் கடனில் வந்தவை. மாதந்தோறும் தவணை கட்டப்படுபவை. கடன் கொடுத்தவர் தம் பணத்திற்குக் காவல் தேடுவது இயல்பு. ஆகவே வண்டிக்கு முழுக் காப்புறுதி செய்தாக வேண்டும் என்று விதிக்கின்றனர்.

இவ்வாறு ஒரு படிவம் வீட்டுக்குள் வருகின்றது. அதனை நிரப்புபவர் முகவர். வாங்குபவர் செய்வதெல்லாம், பென்சிலாற் புள்ளடி இட்ட இடங்களிற் கையொப்பம் வைப்பது ஒன்றே. அக்கையொப்பத்திற்கு மேலே, ‘இதிற் கூறிய யாவும் உண்மை’ என்று ஒரு வாசகம் அச்சிடப்பட்டிருக்கும். அதனைப் படித்தவர் எத்தனை பேர்? இவ்வாரம் நாம் பேச விரும்புவது அவ்வாசகத்தைப் பற்றியே.

படிவம் கேட்கும் கேள்விகள் கடினமானவை அல்ல. வண்டி எத்தொழிலுக்குப் பயன்படுகிறது? வழக்கமாக ஓட்டுபவர் யார்? முன்னர் விபத்து நேர்ந்ததா? நீதிமன்றத்தில் தண்டனை உண்டா? வண்டி அமைப்பில் மாற்றம் செய்யப்பட்டுள்ளதா? இவற்றுக்கு எழுதப்படும் விடைகளோ வியப்பானவை. ஐம்பது வயதுத் தகப்பனார் பெயரில் மோட்டார்ச் சைக்கிள். ஓட்டுபவரும் அவரே என்று படிவம் சொல்லும். அவரோ வயலுக்குச் சைக்கிளிற் போகிறவர். உண்மையில் ஓட்டுபவன் பத்தொன்பது வயது மகன். அவன் வேகமாக ஓட்டிப் பொலிசாரிடம் அகப்பட்டுத் தண்டம் கட்டிய சங்கதி ஊரறியும், படிவம் அறியாது. “எல்லாரும் இப்படித்தான் போடுகிறார்கள் அண்ணை, கட்டுப்பணம் குறையும்” என்று முகவர் சொன்னார். அதனோடு விஷயம் முடிந்தது.

மாடு வாங்கப் போகிறவன் பல்லைப் பார்க்கிறான், சுழியைப் பார்க்கிறான், நடக்கவிட்டுப் பார்க்கிறான். விற்பவன் வாய்திறவாவிடினும் வாங்குபவனுக்குக் கண் இருக்கின்றது. காப்புறுதி வியாபாரமோ அத்தகையதன்று. கொழும்பிலே மேசைக்கு முன் இருப்பவருக்குப் பூவரசங்குளத்து வண்டியின் சங்கதி, சொந்தக்காரர் சொன்னாலன்றித் தெரியாது. ஆதலின் ‘அதியுயர் நம்பிக்கை’ என்னும் தத்துவத்தின்மேல் இவ்வொப்பந்தம் நிறுத்தப்பட்டுள்ளது. வணிகக் கல்வி பயிலும் மாணவர் பரீட்சைக்காக மனனம் செய்யும் சொற்றொடர் இது. அதன் பின்னாலுள்ள கதையை அறிந்தோர் சிலரே.

அக்கதை 1766ஆம் ஆண்டுக்குரியது. இராசேந்திர சோழனின் கப்பற்படை சென்ற அதே சுமாத்திராத் தீவில், ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பனிக்கு மால்பரோ என்றொரு கோட்டை இருந்தது. அதன் ஆளுநர் கார்ட்டர், கோட்டை அந்நியர் கையில் வீழ்ந்தால் தமக்கு ஈடு கிடைக்குமாறு இலண்டனிற் காப்புறுதி செய்தார். 1760இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றினர். கோட்டை வலிமையற்றது என்பதை ஆளுநர் மறைத்தார் என்று கூறிக் காப்பிட்ட போம் என்பவர் பணம் கொடுக்க மறுத்தார். மான்ஸ்பீல்ட் பிரபு, தான் அறிந்ததை மறைத்து மற்றவரை ஏமாற்றலாகாது என்று விதி வகுத்தார். ஆயினும் தீர்ப்பு ஆளுநருக்குச் சாதகமாகவே அமைந்தது. இலண்டனில் இருந்தவரும் அறிந்திருக்கக்கூடிய சங்கதியைச் சொல்லவில்லை என்று பின்னர் குறைகூறுதல் பொருந்தாது என்றார் அவர். விசுவாசம் இரு பக்கத்தாருக்கும் உரியது என்பது தீர்ப்பிலேயே உள்ளது. கம்பனிகள் இதன் முதற் பாதியை மட்டும் நினைவில் வைத்திருப்பதாக நமக்குச் சில வேளை தோன்றுவதுண்டு.

மோட்டார் வாகனம் வந்தபின் இவ்விதி எவ்வளவு கடுமையாயிற்று என்பதற்கு 1922ஆம் ஆண்டின் வழக்கொன்று சான்று. டோசன்ஸ் என்னும் கம்பனியார் தம் லொறி கிளாஸ்கோ நகரிலுள்ள தம் முகவரியில் நிறுத்தப்படும் என்று படிவத்தில் எழுதிவிட்டனர். உண்மையில் அது நகர்ப்புறத்திலே நிறுத்தப்பட்டது. லொறி தீயில் அழிந்தது. எழுதியதில் வஞ்சகம் இல்லை. அப்பிழை காப்பிட்டவரின் முடிவை மாற்றக்கூடியதும் அன்று. அங்ஙனமிருந்தும் பிரபுக்கள் சபை பெரும்பான்மையாற் பணமில்லை என்று தீர்த்தது. படிவத்தின் விடைகளே ஒப்பந்தத்தின் அடிப்படை என்று கையொப்பமிட்டிருந்தமையே காரணம்.

இதற்கு மாறான வழக்கும் உண்டு. 1933இல் நிலக்கரி வியாபாரிகள் இருவரின் லொறி அதே சபைக்கு வந்தது. ஏற்றும் பொருள் நிலக்கரி என்று எழுதியிருந்தனர். விபத்து நேர்ந்த நாளில் மரமும் ஏற்றியிருந்தனர். நிலக்கரி என்றால் ஒரு நாளும் வேறெதுவும் ஏற்றோம் என்ற சத்தியம் ஆகாது என்று கூறிச் சபை வியாபாரிகளுக்குச் சார்பாகத் தீர்த்தது. வாசகர் இவ்விரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பாராக. சொல் ஒன்றின் பொருளுக்காக வழக்காடி வெல்லலாம். அதற்குப் பல ஆண்டுகளும் வழக்கறிஞர் கூலியும் வேண்டும். முச்சக்கர வண்டியால் உலையேற்றும் குடும்பத்திற்கு அவை இரண்டும் இல்லை.

இனி, வண்டியில் மாற்றம் செய்தல். இவ்விஷயத்தில் வன்னி மக்களுக்கு எவரும் பாடம் சொல்ல வேண்டியதில்லை. 1990ஆம் ஆண்டை அடுத்த பொருளாதாரத் தடைக் காலத்திற் பெற்றோல் காணாத வன்னியிலே, சிறு புட்டியிலிருந்து சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை எழுப்பி, பின்பு மண்ணெண்ணெயில் ஓட்டிய கைவன்மை நம்மவருடையது. நோயாளியை ஆசுபத்திரிக்கும் நெல்லை ஆலைக்கும் கொண்டு சேர்த்தது அந்தக் கெட்டித்தனமே. அதனை நாம் பழிக்கமாட்டோம். ஆனால் அக்கெட்டித்தனம் இன்றும் தொடர்கின்றது. உழவு இயந்திரத்தின் ரெயிலருக்குப் பக்கப்பலகை உயர்த்திக் கட்டுகிறார்கள். முச்சக்கர வண்டியின் பின்புறத்தை வெட்டிச் சாமான் ஏற்றுகிறார்கள். இளைஞர் மோட்டார்ச் சைக்கிளின் சைலன்சரைக் கழற்றி ஊரை எழுப்புகிறார்கள். இயந்திரத்தையோ உடலமைப்பையோ மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திற்கு அறிவித்தல் வேண்டும். அதைச் செய்யாதவர் காப்புறுதிக் கம்பனிக்கு மட்டும் எழுதப்போவதில்லை. ஒரு மௌனம் இன்னொரு மௌனத்தைக் கேட்கின்றது.

பயன்பாட்டை மறைத்தல் இதனினும் பெரியது. விவசாயத்துக்கு என்று எழுதப்பட்ட உழவு இயந்திரம் கூலிக்கு மணல் ஏற்றுகின்றது. வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு அதே ரெயிலரிற் பாய் விரித்துப் பெண்களும் பிள்ளைகளும் ஏறுகின்றனர். கண்ணகை அம்மனிடம் போகிறவர்களைத் தடுப்பது நம் எண்ணமன்று. அந்த ரெயிலர் இருளிலே கட்டாக்காலி மாட்டில் மோதிக் கவிழ்ந்தால் காயப்பட்டவர்களின் வைத்தியச் செலவை யார் கொடுப்பது என்பதே நம் கேள்வி. மூன்றாம் ஆளுக்கான காப்புறுதியை 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம் கட்டாயமாக்கியிருப்பது உண்மை. ஆயினும், எழுதிய பயன் ஒன்று, நடந்த பயன் வேறு என்றால், சொந்தக்காரர் தம் வண்டிக்கு ஈடு கேட்கும்போது கம்பனி கைவிரிக்கும். வண்டி இரும்புக் குவியலாய்க் கிடக்கும். லீசிங் தவணையோ நில்லாது. ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபா மிச்சப்படுத்தப் போய், மனைவியின் தாலிக்கொடியை அடகுக்கு அனுப்புவது எவ்வகைக் கணக்கு?

கம்பனியார் பக்கத்தையும் சொல்லாது விடுதல் நீதியன்று. பணம் வாங்கும்போது ஒன்றும் கேளாமல், கொடுக்கும்போது எல்லாம் கேட்பவர்கள் உண்டு. இங்கிலாந்திலே 1975இல் தீர்ந்த ஒரு வழக்கில், நகைக்குக் காப்புறுதி செய்த பெண்ணொருத்தி, தன் கணவனுக்கு இருந்த குற்றத் தீர்ப்பைத் தெரிவிக்கவில்லை. கம்பனி அதைக் கேட்கவும் இல்லை. இருந்தும் அவள் வழக்கில் தோற்றாள். தீர்ப்புச் சொன்ன நீதிபதிகளே சட்டம் கொடியது என்று வருந்தினர். அந்நாடு விழித்துக்கொள்ள நெடுங்காலம் சென்றது. 2012ஆம் ஆண்டின் சட்டம், சாதாரண நுகர்வோர் கேட்ட கேள்விக்குத் தக்க கவனத்தோடு உண்மை சொன்னாற் போதும் என்று ஆக்கிற்று. டோசன்ஸ் கம்பனியாரை வீழ்த்திய அந்த ‘அடிப்படை’ வாசகமும் அங்கே நீக்கப்பட்டது. அச்சட்டம் அந்நாட்டுக்குரியது, பூவரசங்குளத்தாரைக் காக்க வாராது.

ஆகையால் நம் வீடுகளிற் செய்யத்தக்கவற்றைக் கூறுவோம். முகவர் நிரப்பிய படிவத்தைக் கையொப்பமிடுமுன் முழுதும் கேட்டறிக. அது ஆங்கிலத்தில் இருப்பின், உயர்தர வகுப்பிற் படிக்கும் மகளோ மகனோ ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் வாசித்துச் சொல்லட்டும். இத்தனை ஆண்டு படிப்பித்ததற்கு அவ்வளவேனும் பயன் வேண்டாமா? விடை தெரியாத இடத்தை வெறுமையாக விட்டுக் கையொப்பமிடுதல் ஆகாது. ஓட்டுபவன் மகன் என்றால் மகன் பெயரையே எழுதுக. கட்டுப்பணம் கூடினாற் கூடட்டும். சாரதி அனுமதிப்பத்திரம் இல்லாத பிள்ளைக்குத் திறப்பையே கொடுத்தல் வேண்டாம். அவனுக்குப் படிவத்தில் இடமில்லை.

காப்புறுதியை ஆண்டுதோறும் புதுப்பிக்கும்போது அது புது ஒப்பந்தம் என்பதைப் பலர் அறியார். சென்ற ஆண்டு நேர்ந்த விபத்தும், இடையிற் செய்த மாற்றமும் அப்பொழுது சொல்லப்பட வேண்டியவை. முகவரிடம் வாயாற் சொன்னோம் என்பது பின்னர் நிலைநாட்ட அரிது; கம்பனிக்குக் கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பி, அதன் பிரதியையும் படிவத்தின் பிரதியையும் வண்டிப் புத்தகத்தோடு ஒரே உறையில் வைத்திருத்தல் நன்று. உண்மை சொல்லியும் கம்பனி மறுக்குமாயின், கொழும்பிலே காப்புறுதிக் குறைகேள் அதிகாரி ஒருவர் உளர். அவரிடம் முறையிடும் நாளிலும் முதலில் வேண்டப்படுவது அந்த உறையே.